லைசென்ஸ் கையிலே, சால்டரிங் அயர்ன் எங்கே?

மூன்றாம் ஆண்டு, மின்னணு மற்றும் தொடர்பியல் துறை

"இப்பல்லாம் லைசென்ஸ் வாங்குறது ரொம்ப ஈஸி ஆயிடுச்சு தம்பி. அதனாலதான் எவனுக்கும் ஒண்ணும் தெரியல."

ஹாம் ரேடியோக்காரர்களில் மூத்தவர் யாரிடம் பேசினாலும் பத்து நிமிடத்துக்குள் இந்த வாக்கியம் வந்து விழுந்துவிடும். அமெரிக்க ஹாம்களிடமும் இதே புலம்பல்தான். அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. மீதிப் பாதியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஹாம் ரேடியோ எனக்குப் பிடிக்கும் என்பதற்காக மட்டும் எழுதவில்லை. நாம் வாங்கப்போகும் டிப்ளமோ சர்டிபிகேட் வரைக்கும் வந்து இடிக்கிற விஷயம் இது.

சிவில், மெக்கானிக்கல் தோழர் தோழியருக்காக ஒரு சிறு விளக்கம். வியாபார நோக்கம் இல்லாமல், அரசு இதற்கென்றே ஒதுக்கியிருக்கும் அலைவரிசைகளில், சொந்த டிரான்ஸ்மிட்டர் வைத்து ஊர் விட்டு ஊர், நாடு விட்டு நாடு பேசுவதுதான் ஹாம் ரேடியோ. தேர்வு எழுதி லைசென்ஸ் வாங்க வேண்டும். நம் நாட்டில் 12 வயது ஆனாலே எழுதலாம். மத்திய தகவல் தொடர்பு அமைச்சகத்தின் டபிள்யூ.பி.சி. பிரிவுதான் இதைக் கவனிக்கிறது. பாஸ் செய்தவருக்கு வி.யு. என்று தொடங்கும் அழைப்புக் குறி கிடைக்கும். ராஜீவ் காந்திகூட ஒரு ஹாம்தான். அவருடைய குறி வி.யு.2ஆர்.ஜி.

மற்ற லைசென்சுகளுக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. டிரைவிங் லைசென்ஸ் வைத்திருக்கிறார் என்பதற்காக ஒருவர் தானே ஒரு பஸ்ஸைச் செய்து ரோட்டில் இறக்கிவிட முடியாது. ஹாம் மட்டும் தன் வீட்டு மேஜையில் தானே டிரான்ஸ்மிட்டர் கட்டி, தானே அதைச் சோதித்து, காற்றில் அனுப்பலாம். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் விதிகள் அமெச்சூர் சேவை என்றால் என்ன என்று சொல்லும்போது முதலில் வைப்பது சுயமாகப் பயிற்சி பெறுவதைத்தான். ஒருவருக்கொருவர் பேசுவது இரண்டாவது, தொழில்நுட்ப ஆராய்ச்சி மூன்றாவது. அதாவது சட்டப்படியே இது படிப்புக்காகக் கொடுக்கிற லைசென்ஸ். அரட்டை அப்புறம்தான்.

சரி, தேர்வு ஈஸியானது எப்படி? இந்தக் கதையை அமெரிக்காவில் வைத்துப் பார்த்தால்தான் படிப்படியாகத் தெரியும்.

1951-இல் அங்கே நோவிஸ் என்று ஒரு ஆரம்ப லைசென்ஸ் கொண்டுவந்தார்கள். நிமிடத்துக்கு 5 வார்த்தை மோர்ஸ் வாங்க, கொடுக்கத் தெரிய வேண்டும். கூடவே ஒரு சின்ன எழுத்துத் தேர்வு. லைசென்ஸ் ஒரே ஒரு வருஷம்தான் செல்லும், புதுப்பிக்க முடியாது. அதற்குள் மேல் தேர்வு எழுதித் தேறவில்லை என்றால் போச்சு. 1984 முதல் அரசு அதிகாரிகளுக்குப் பதிலாகத் தன்னார்வ ஹாம்களே தேர்வு நடத்தும் முறை வந்தது. கேள்வி வங்கி முழுவதும், விடைகளோடு, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று ஆனது. 1991-இல் மோர்ஸ் இல்லாமலே ஆரம்ப லைசென்ஸ். 2000-இல் உயர்ந்த நிலைக்குக்கூட 5 வார்த்தை போதும் என்றார்கள். 2003-இல் ஜெனீவாவில் கூடிய உலக ரேடியோ மாநாடு, மோர்ஸ் வேண்டுமா வேண்டாமா என்பதை அந்தந்த நாடே முடிவு செய்துகொள்ளலாம் என்றது. 2007 பிப்ரவரி 23 முதல் அமெரிக்காவில் எந்த நிலைக்கும் மோர்ஸ் தேர்வு கிடையாது. இன்று ஆரம்ப நிலைத் தேர்வில் 35 கேள்விகள், நாலு விடையில் ஒன்றைக் குறிக்க வேண்டும், 26 சரியாக இருந்தால் பாஸ். அந்த 35-ம் நானூற்றுச் சொச்சம் கேள்விகள் உள்ள வங்கியிலிருந்துதான் வரும். நம் பாஷையில் சொன்னால், முழு கொஸ்டீன் பேங்கையும் ஆன்சரோடு கையில் கொடுத்துவிட்டு எக்ஸாம் வைப்பது. ஒரே நாளில் மனப்பாடம் செய்யவைத்து சாயங்காலம் பரீட்சை எழுதவைக்கும் வகுப்புகள்கூட அங்கே உண்டு.

எண்ணிக்கை என்ன ஆயிற்று? குறையவில்லை. இன்று அங்கே 7 லட்சத்துக்கும் மேல் லைசென்ஸ்காரர்கள், 2007-இல் இருந்ததைவிட அதிகம். அதில் ஏறத்தாழப் பாதிப் பேர் முதல் படியிலேயே நின்றுவிட்டவர்கள். "எண்ணிக்கை ஏறுச்சு, அறிவு இறங்குச்சு. மோர்ஸை எடுத்ததுதான் காரணம்" என்று மூத்தவர்கள் சொல்வது இதை வைத்துத்தான்.

நம் நாடும் கிட்டத்தட்ட அதே பாதையில்தான் நடந்தது. பழைய கிரேடுகள் பல போய், ஜெனரல், ரெஸ்ட்ரிக்டட் என்று இரண்டானது. ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு மோர்ஸ் இல்லை. எழுத்துத் தேர்வில் ரேடியோ தியரி ஒரு பகுதி, சட்ட விதிகள் ஒரு பகுதி.

இங்கேதான் நான் மூத்தவர்களோடு கொஞ்சம் முரண்படுகிறேன். மோர்ஸ் என்பது காதுக்கும் விரலுக்கும் உள்ள பழக்கம். தவில் வாசிப்பது போல, டைப் அடிப்பது போல. நிமிடத்துக்கு 20 வார்த்தை வாங்குகிறவருக்கு ஓம்ஸ் லா தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. ஒரு பழக்கத் தேர்வை எடுத்ததால் தொழில்நுட்ப அறிவு எப்படிக் குறையும்?

ஆனால் மோர்ஸோடு சேர்ந்து வேறொன்று போனது. அதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை.

உலகத்திலேயே எளிமையான டிரான்ஸ்மிட்டர் எது? மோர்ஸ் டிரான்ஸ்மிட்டர்தான். ஒரு கிறிஸ்டல், இரண்டு டிரான்சிஸ்டர், நாலைந்து ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், கையால் சுற்றிய இரண்டு மூன்று காயில். ஆசிலேட்டரை அல்லது அடுத்த ஸ்டேஜை கீயால் ஆன், ஆஃப் செய்தால் முடிந்தது. மாடுலேட்டர் வேண்டாம், மைக் வேண்டாம். அமெரிக்க நோவிஸுக்கு ஷார்ட்வேவில் மோர்ஸ் மட்டும்தான் அனுமதி. அதுவும் கிறிஸ்டல் கட்டுப்பாட்டில், 75 வாட் இன்புட்டுக்குள். இப்படிக் கையைக் கட்டிப்போட்டதே அவர்களுக்கு நல்லதாகப் போனது. பதினாலு வயசுப் பையன் அப்பாவிடம் பணம் கேட்காமல் பழைய ரேடியோவைப் பிரித்து எடுத்த வால்வை வைத்தே ஒன்றைக் கட்டிவிடலாம். கட்டியது ஆசிலேட் ஆகவில்லை என்றால் ஏன் ஆகவில்லை என்று தேடுவான். அந்தத் தேடலில்தான் படிப்பு.

மோர்ஸ் இல்லாத ஆரம்ப லைசென்ஸ் அவனை நேரே வி.எச்.எஃப்., யு.எச்.எஃப். கைச்செட்டுக்குக் கொண்டுபோனது. 144 மெகாஹெர்ட்ஸில் எஃப்.எம். பேசும் கைச்செட்டை வீட்டில் கட்ட யாரால் முடியும்? வாங்கத்தான் வேண்டும். 2012 வாக்கில் சீனத்திலிருந்து பாஃபெங் யு.வி.5ஆர் போன்ற மலிவான செட்டுகள் வந்ததும் அதுவும் சுலபமாகிவிட்டது. பட்டனை அமுக்கினால் பேச்சு. பழுதானால் தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்று. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவே அவசியம் இல்லை.

ஆக, தேர்வு எவ்வளவு கஷ்டம் என்பதைவிட, லைசென்ஸ் கிடைத்த முதல் நாள் நம் கை என்ன செய்கிறது என்பதுதான் முக்கியம் என்று எனக்குப் படுகிறது. முதல் நாள் கம்பி சுற்றியவன் கம்பியைப் பற்றிக் கற்றான். முதல் நாள் பட்டன் அமுக்கியவன் பட்டனைப் பற்றிக் கற்றான்.

ஜப்பானைப் பாருங்கள். அங்கே 1959 முதலே கீழ்நிலை லைசென்ஸுக்கு மோர்ஸ் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் அந்த ஈஸி லைசென்ஸ்காரர்களும் கையால் செட் கட்டினார்கள். அப்புறம் பெரிய பெரிய கம்பெனி செட்டுகள் வந்தன. 1995 வாக்கில் அங்கே 13 லட்சத்துக்கு மேல் அமெச்சூர் ஸ்டேஷன்கள், உலகத்திலேயே முதலிடம். செல்போன் வந்தது. இன்று 4 லட்சத்துக்கும் கீழே. பேசுவதற்காக மட்டும் வந்தவர்களுக்கு அதைவிட நல்ல பேசுகிற சாமான் கிடைத்ததும் போய்விட்டார்கள் என்பது என் கணிப்பு. தேர்வு அங்கே கஷ்டமாக ஆகவில்லை. கூட்டம் மட்டும் கரைந்தது.

இதைப் படிக்கும்போது நம் லேப் ஞாபகம் வருகிறதா, இல்லையா? எனக்கு வந்தது.

ஏ.எம். மாடுலேஷன் எக்ஸ்பெரிமென்ட்டுக்கு நமக்குக் கொடுப்பது டிரெய்னர் கிட். மேலே சர்க்யூட் டயகிராம் அழகாக அச்சடித்திருக்கும். உண்மையான சர்க்யூட் அடியில், டப்பாவுக்குள். பேட்ச் கார்டை இங்கே சொருகு, அங்கே சொருகு, சி.ஆர்.ஓ.வில் அலை பார், விஎம்ஏக்ஸ், விமின் குறித்துக்கொள், மாடுலேஷன் இண்டெக்ஸ் போடு, ரெக்கார்டு நோட்டில் ஏற்று. அலை வரவில்லையா? "கிட் ரிப்பேர், பக்கத்து டேபிள் ரீடிங்கை எழுதிக்கோ." முப்பது பேர் ரெக்கார்டிலும் ஒரே ரீடிங், பாயின்ட்டுக்குப் பிறகு வரும் எண் உட்பட. வைவாவில் கேட்பது "வாட் இஸ் மாடுலேஷன்?" அதற்குரிய இரண்டு மார்க் பதில் எல்லோருக்கும் தெரியும். லேப் பொறுப்பாளர்கள் மேல் தப்பு சொல்ல நான் வரவில்லை. அறுபது பேருக்கு மூன்று மணி நேரத்தில் எக்ஸ்பெரிமென்ட் முடிக்க வேறு வழி அவர்களுக்கு இல்லை. ஆனால் இந்த முறையில் ஆறு செமஸ்டர் ஓடினால், சீனக் கைச்செட் வாங்கிப் பட்டன் அமுக்குகிற ஹாமுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?

எங்கள் அப்பா பம்ப்செட் மோட்டாருக்கு காயில் கட்டுகிறவர். ஐந்தாம் வகுப்போடு நின்றுபோனவர். எரிந்த மோட்டார் வந்தால் பழைய காயிலை வெட்டி எடுத்து ஒரு சுற்று விடாமல் எண்ணுவார். கம்பியின் கேஜ் பார்ப்பார். ஸ்லாட் கணக்கு, கனெக்‌ஷன் எல்லாம் ஒரு பழைய நோட்டில் படம் போட்டு வைப்பார். கட்டி முடித்து, வார்னிஷ் விட்டு, காயவைத்து, மெக்கர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மூடுவார். "ஏம்பா இத்தனை சுத்து?" என்று கேட்டால், "பழசுல அத்தனைதான்டா இருந்துச்சு" என்பார். அதற்கு மேல் அவருக்குச் சொல்லத் தெரியாது. எனக்கு ஈ.எம்.எஃப். ஈக்வேஷன் தெரியும், ஒரு மோட்டார்கூடக் கட்டியதில்லை. எங்கள் வீட்டில் முதல் சர்டிபிகேட் என்னுடையதுதான். ஃபிரேம் போட ஆணி அடிக்கும் இடத்தை அம்மா இப்போதே சுவரில் பார்த்து வைத்திருக்கிறார். அந்த சர்டிபிகேட்டை நம்பி நாளைக்கு ஒரு கம்பெனியில் போர்டு ஒன்றை என் முன்னால் வைப்பார்கள். கேள்வி வங்கி கொடுக்க மாட்டார்கள்.

அதற்காக "அந்தக் காலம் போச்சு, எல்லாம் ஐ.சி., எல்லாம் சர்ஃபேஸ் மவுண்ட், இனி யாராலும் கட்ட முடியாது" என்று சொல்பவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. ஹைதராபாத்தில் இருக்கும் அஷ்ஹர் ஃபர்ஹான், வி.யு.2ஈ.எஸ்.ஈ., இருபது வருஷத்துக்கு முன்பே பிட்எக்ஸ் 20 என்று ஒரு டிரான்சீவர் வடிவமைத்தார். 14 மெகாஹெர்ட்ஸில் எஸ்.எஸ்.பி. பேசும் செட். வெளிநாட்டுப் பத்திரிகையில் வரும் சர்க்யூட்டுகளைக் கட்டப்போனால், அதில் கேட்கிற டொராய்டு கோர் நம் ஊர்க் கடையில் கிடைக்காது. அவர் என்ன செய்தார் தெரியுமா? தண்ணீர்க் குழாயில் போடும் நைலான் வாஷரை எடுத்து அதன்மேல் காயில் சுற்றினார்! டிவி ஆன்டெனா பேலன் கோரை டிரான்ஸ்பார்மருக்குப் பயன்படுத்தினார். ஃபில்டருக்கு சாதாரண 10 மெகாஹெர்ட்ஸ் கிறிஸ்டல்கள். கடைசி ஸ்டேஜில் ஐ.ஆர்.எஃப்.510, அது பவர் சப்ளை வேலைக்காகச் செய்த மாஸ்ஃபெட். ஒரே ஸ்டேஜ்கள் ரிசீவ் செய்யும்போது ஒரு திசையிலும், டிரான்ஸ்மிட் செய்யும்போது எதிர்த் திசையிலும் வேலை செய்யும். அதனால் பாகங்கள் பாதியாகக் குறைந்தன. உலகம் பூராவும் இதைக் கட்டினார்கள். ஹைதராபாத் வாஷர் செட்டை அமெரிக்க ஹாம் தன் மேஜையில் சால்டர் செய்தார் என்றால் நமக்கெல்லாம் பெருமை இல்லையா!

இன்னொரு உதாரணம் ஹாம்சாட். 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி.-சி6 ஏற்றிச் சென்ற சின்ன செயற்கைக்கோள், ஹாம்களுக்காகவே இஸ்ரோ அனுப்பியது. அதில் இரண்டு டிரான்ஸ்பாண்டர்கள். ஒன்று நம் நாட்டில் செய்தது, மற்றொன்றைச் செய்தவர் நெதர்லாந்தில் மாணவராக இருந்த ஒரு ஹாம். நம்மை மாதிரி ஒரு மாணவர் செய்த சர்க்யூட் 2014 வரை பூமியைச் சுற்றிக்கொண்டு வேலை செய்தது.

மேல் மட்டத்தில் அறிவு குறையவே இல்லை, சொல்லப்போனால் ஏறியிருக்கிறது. 2017-இல் வந்த எஃப்.டி.8 என்ற டிஜிட்டல் முறையை உருவாக்கிய இருவரில் ஒருவர் ஜோ டெய்லர். 1993-இல் இயற்பியலுக்கு நோபல் பரிசு வாங்கியவர், ஹாம். காதுக்கே கேட்காத அளவு மெல்லிய சிக்னலை இரைச்சலுக்குள்ளிருந்து கம்ப்யூட்டர் எடுத்துவிடும். ஆனால் அதைப் பயன்படுத்துகிறவர்களில் எத்தனை பேருக்கு எப்படி எடுக்கிறது என்று தெரியும்? மவுஸைக் கிளிக் செய்தால் 15 விநாடிக்கு ஒரு முறை கம்ப்யூட்டரும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்கின்றன. ஒருவர் எழுதிய நிரலை லட்சம் பேர் ஓட்டுகிறோம். உச்சியில் இருக்கிறவருக்கும் அடியில் இருக்கிறவருக்கும் நடுவே இருந்த படிகள்தான் காணாமல் போயின. டிப்ளமோ படித்தவன் உட்கார வேண்டிய இடமே அந்த நடுப்படிதான்.

அந்த நடுப்படியில் ஒன்றைச் சொல்கிறேன். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு அரை அலை டைபோல் ஆன்டெனா எவ்வளவு நீளம்? தேர்வுக்கு விடை: 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மீட்டர். 20 மீட்டர் சொச்சம், பக்கத்துக்குப் பத்து. டிக் அடித்தால் மார்க். ஆனால் ஒளியின் வேகத்தை வைத்துக் கணக்குப் போட்டால் அரை அலை 21 மீட்டருக்கு மேல் வருகிறதே, ஒரு மீட்டர் எங்கே போனது? கம்பியின் முனையில் உள்ள கெப்பாசிட்டன்ஸ், கம்பியின் தடிமன் என்று புத்தகத்தில் ஒரு வரி இருக்கும். சரி, அதே 20 மீட்டரை ஹாஸ்டல் மொட்டை மாடியில் தாழ்வாகக் கட்டிப் பாருங்கள். ஒத்திசைவு வேறு இடத்தில் நிற்கும். ஒரு முனை வேப்ப மரக் கிளையில் உரசினால் இன்னொரு இடம். மழை பெய்து இலை நனைந்தால் இன்னும் கொஞ்சம் தள்ளும். ஒரு சாண் வெட்டு, அளந்து பார், மறுபடி வெட்டு. இதற்கெல்லாம் ஒரு காலத்தில் லட்சக்கணக்கில் விலையுள்ள கருவி வேண்டும். 2019 வாக்கில் நேனோ வி.என்.ஏ. என்று செல்போன் அளவில் ஒன்று மலிவாக வந்துவிட்டது. அளக்கிற கருவி இத்தனை சுலபமாகக் கிடைத்த காலம் இதற்கு முன் இல்லை. கம்பியும் வேப்ப மரமும் நம்மிடமே இருக்கின்றன.

இந்த அறிவு எதற்கு என்று கேட்கலாம். 2004 டிசம்பரில் பாரதி பிரசாத், வி.யு.2ஆர்.பி.ஐ., தன் குழுவோடு போர்ட் பிளேரில் ஹாம் ஸ்டேஷன் அமைத்து உலகத்தோடு பேசிக்கொண்டிருந்தார். 26-ஆம் தேதி சுனாமி வந்தது. தொடர்புகள் அறுந்தன. பொழுதுபோக்குக்காகக் கட்டிய அந்த ஸ்டேஷனே தீவுக்கும் மெயின்லேண்டுக்கும் நடுவே செய்தி சுமந்தது. அந்த மாதிரி நாளில் டவர் இருக்காது, சர்வீஸ் சென்டர் இருக்காது. பேட்டரியும் கம்பியும் தெரிந்த ஆள்தான் இருப்பார்.

எனவே நம் மாணவர் பேரவைக்கு ஒரு கோரிக்கை. சிம்போசியத்துக்குச் சிறப்பு விருந்தினர்களுக்குப் போர்த்துகிற சால்வைச் செலவில் கொஞ்சம் குறைத்தாலே போதும். லேப்பில் டிரெய்னர் கிட் எதுவும் வைக்காத ஒரே ஒரு மேஜை வேண்டும், சாயங்காலம் ஆறு மணி வரை திறந்திருக்க வேண்டும். இரண்டாம் ஆண்டில் ஒவ்வொருவரும் 7 மெகாஹெர்ட்ஸ் டைரக்ட் கன்வர்ஷன் ரிசீவர் ஒன்றைக் கையால் கட்டட்டும். எல்.எம்.386 ஒன்று, பி.சி.547 நாலைந்து, டயோடு, ஒரு ஸ்பீக்கர், ஒரு துண்டு காப்பர் கிளாட் போர்டு. கேட்கவில்லை என்றால் பக்கத்து டேபிள் ரீடிங்கை எழுத முடியாது, ஏனென்றால் ரீடிங்கே இல்லை, காதுதான். டிரான்ஸ்மிட்டர் பக்கம் லைசென்ஸ் வராமல் யாரும் போக வேண்டாம், சட்டப்படி குற்றம். லைசென்ஸ் தேர்வுக்கு நாங்கள் ஆறு பேர் இப்போதே சேர்ந்து படிக்கிறோம். விதிகள் பகுதியை மனப்பாடம் செய்வோம், அதில் தப்பில்லை. தியரிப் பகுதிக்கு அந்த மேஜை போதும்.

மேஜை கிடைக்கிற வரைக்கும் காத்திருக்கப்போவதில்லை. தை மாதம் இன்டஸ்ட்ரியல் விசிட்டுக்குச் சென்னை போகும்போது ரிட்சி தெருவில் இரண்டு மணி நேரம் நிற்க அனுமதி கேட்டிருக்கிறோம். வாங்க வேண்டிய பட்டியலை எங்கள் வகுப்பு நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறேன், மற்ற துறைக்காரர்களும் பெயர் சேர்க்கலாம். பட்டியலில் முதல் அயிட்டத்துக்கு மட்டும் சென்னை போகத் தேவையில்லை, நம் பஸ் ஸ்டாண்டு ஹார்டுவேர் கடையிலேயே கிடைக்கும்: நைலான் குழாய் வாஷர், ஒரு டஜன்.